பிளக்-இன் ஹைப்ரிட் ஃபோர் வீல் டிரைவ்: நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்கு ஒத்து வருமா?

மொதல்லயே தீர்ப்ப சொல்லிட்டு அப்புறம் வெவரத்துக்கு வாரேன். சொந்த வீடு, கார் நிறுத்துற எடத்துல நல்ல எர்த்தோட ஒரு 15 ஆம்ப் பாயிண்ட், தெனமும் நாப்பது அம்பது கிலோமீட்டருக்குள்ள ஓட்டம், அதுல அப்பப்ப சேறு, வரப்பு, மலைன்னு போக வேண்டிய வேலை. இந்த நாலும் இருக்கிறவங்களுக்கு பிளக்-இன் ஹைப்ரிட் ஃபோர் வீலு, அதாவது வீட்டு பிளக்குல சார்ஜ் போட்டும் பெட்ரோல்லயும் ஓடுற, நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, அது மாதிரி பொருத்தமான வண்டி வேற இல்ல. அந்த மாதிரி ஆளு நம்ம பக்கத்துல எக்கச்சக்கம், பாளையங்கோட்டைல வீடு இருக்கும், களக்காட்டுலயோ சேரன்மகாதேவிலயோ வாழை போட்டிருப்பாவ, தெனம் காலைல போயிட்டு மத்தியானம் திரும்புவாவ. ஆனா அந்த ஆளு கையில இருக்குற காசுக்கு அந்த வண்டிய இந்தியாவுல எவனும் விக்கல. அவ்வளவுதான் ரிவியூ. அவசரம் இருக்கவங்க இத்தோட போயிடலாம், மத்தவங்க வாங்க.

நான் ஓட்டுன வண்டி என்னோடது இல்ல. எங்க பெரியப்பா மகன் மும்பைல தொழில் பண்ணுதாவ, ஊருல வீடு கட்டுற வேலை நடக்குறதால வண்டிய ஓட்டிட்டு வந்து இங்கன விட்டுட்டு ரயிலேறிட்டாவ. "தம்பி, சும்மா நிக்க விட்ராத, தெனம் எடுத்து ஓட்டு, பிளக்குல போடு, நின்னா பேட்டரி போயிரும்"னு ஒரே உத்தரவு. சரிண்ணே, நல்லா ஓட்டுதேம்னு வாங்கிக்கிட்டேன், எவன் வேண்டாம்னு சொல்லுவான். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், நல்லதும் கெட்டதும் சேத்து சொல்லப் போறதால அது வேண்டாம். எங்கிட்ட ஏற்கெனவே ஒரு பழைய டீசல் ஜீப்பு கெடக்கு, சின்ன கம்பிய புடிச்சு இழுத்தா நாலு சக்கரமும் இழுக்கும், இன்னொரு இழுப்புல லோ ரேஞ்சு, மெதுவா பெரிய இழுவையோட போற கியரு. அதோட வச்சுப் பாத்துதான் இத எழுதுதேன்.

ஒரு கொழப்பத்த தீத்துட்டு போவோம். ஹைப்ரிட்னு சொன்ன ஒடனே எல்லாரும் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹைகிராஸ் வண்டியத்தான் நெனைக்காவ. அது ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதுக்கு பிளக்கே கெடையாது, ஹைரைடர்ல உள்ள பேட்டரி முக்கால் யூனிட்டு அளவுதான் (இபி பில்லுல வர்ற அதே யூனிட்டுதான்), இஞ்சினும் பிரேக்கும் குடுக்குற கரண்ட வச்சு உருட்டும். அதுலயும் நாலு சக்கரம் இழுக்கணும்னா மைல்டு ஹைப்ரிட்டுக்கு, அதாவது மோட்டார் இஞ்சினுக்கு லேசா கை மட்டும் குடுக்குற வண்டிக்கு எறங்கணும், ஸ்ட்ராங் ஹைப்ரிட் முன்சக்கரம் மட்டும்தான். பிளக்-இன்ல பேட்டரி பத்துலேந்து இருபது யூனிட்டு வரைக்கும் இருக்கும், சிலதுல இன்னும் பெருசு, பிஎம்டபிள்யூ எக்ஸ்எம்ல 25 யூனிட்டுக்கு மேல. வீட்டு கரண்ட்ல ராத்திரி போட்டுட்டா காலைல ஒரு சொட்டு பெட்ரோல் எரியாம அம்பது கிலோமீட்டர் சுமாருக்கு ஓடும், அதுக்கு மேல பெட்ரோல்ல போகும். ரேஞ்சு தீந்து நடுரோட்டுல நிக்கிற பயம் கெடையாது.

இப்ப முக்கியமான வெவகாரம், ஷோரூம்ல யாரும் வாயத் தெறக்காத வெவகாரம். இந்த ஃபோர் வீலுங்கிறது ரெண்டு ஜாதி. ஒண்ணு, முன்னால இஞ்சின், பின்சக்கரத்துக்குன்னு தனியா ஒரு கரண்ட் மோட்டார், ரெண்டுக்கும் நடுவுல பவர கடத்துற இரும்பு ஷாஃப்டே கெடையாது, ஷாஃப்ட் ஓட வேண்டிய எடத்துல பேட்டரி படுத்திருக்கும். மிட்சுபிஷி அவுட்லேண்டர் 2013ல ஜப்பான்ல வந்தப்ப இந்த வழிலதான் வந்துச்சு, முன்னுக்கு 60 கிலோவாட், பின்னுக்கு 60 கிலோவாட்னு ரெண்டு மோட்டார், 12 யூனிட் பேட்டரி. இன்னொரு ஜாதி, மோட்டார இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல சொருகிட்டு, மீதி எல்லாம் பழைய படியே டிரான்ஸ்ஃபர் கேஸ் (பவர முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற கியர் பெட்டி), ஷாஃப்ட், லோ ரேஞ்சுன்னு விட்டுருப்பான். ஜீப் ராங்ளர் 4எக்ஸ்இ அப்பிடி, ரேஞ்ச் ரோவர் பி400இ-யும் அப்பிடித்தான். ரெண்டாவது ஜாதில பேட்டரி காலியானாலும் நாலு சக்கரத்துக்கும் இரும்பு வழியா பவர் போயே தீரும். மொத ஜாதில பேட்டரி காலியாச்சுன்னா பின்சக்கரத்துக்கு கரண்ட் எங்கேருந்து வரும்? கம்பெனிக்காரன் கொஞ்சம் சார்ஜ ஒதுக்கி வச்சிருப்பான், இஞ்சின் ஓடும்போது ஜெனரேட்டர் ஊட்டிவிடும், அதனால சுத்தமா சாகாது. ஆனா முழு பேட்டரில குடுக்குற தள்ளு குடுக்காது.

எங்க கையில இருக்குறது மொத ஜாதி. சார்ஜ் இருக்கையில இது சேத்துல போற அழகப் பாக்கணும். கரண்ட் மோட்டாருக்கு சுத்த ஆரம்பிக்கும் முன்னாலயே முழு இழுவை உண்டு, கிளட்ச புடிச்சு அரைச்சு ஏத்துற வேலையே இல்ல, கால லேசா வச்சா போதும், ஒரு அங்குலம் ஒரு அங்குலமா ஏறும். வாய்க்கால் கரைல ஒரு பக்கச் சக்கரம் சறுக்குனா கம்ப்யூட்டரு அத கண் சிமிட்டுறதுக்குள்ள புடிச்சு மத்த பக்கம் தள்ளும், எங்க ஜீப்புல அதுக்கு நாம குதிச்சு எறங்கி கல்லத் தேடணும். ஆனா மழை விட்ட மறுநாளு, சார்ஜு சுத்தமா தீந்து இஞ்சின்ல ஓடிட்டு இருந்த நேரம், அதே வாழைத்தோட்டத்துக்குள்ள எறக்குனேன். ஏத்தத்துல நாலஞ்சு தடவ ஆக்சிலேட்டரு குடுத்ததும் பின்பக்கத் தள்ளு மெலிஞ்சிருச்சு, முன்சக்கரம் மட்டும் மண்ண வாரி அடிக்கி. இஞ்சின நிப்பாட்டாம பத்து நிமிஷம் ஓட விட்டு, கொஞ்சம் ஊறுனதுக்கு அப்புறம் ஏறுச்சு. நம்ம ஆளுக ஃபோர் வீலு வாங்குறதே இந்த மாதிரி நேரத்துக்குத்தான. அதனால மொத ஜாதி வண்டி வச்சிருக்கவங்க ஹைவேல போகும்போதே சேவ் மோடப் போட்டு சார்ஜ மிச்சம் புடிச்சிட்டு தோட்டத்துக்கு வரணும். சார்ஜ் மோடுன்னு இன்னொண்ணு இருக்கும், இஞ்சின வச்சே பேட்டரிய நெரப்புறது, அத அவசரத்துக்கு மட்டும் தொடுங்க, பெட்ரோல அப்பிடிக் குடிக்கி.

டயர் பத்தி ஒரு வார்த்த. இந்த வண்டி எல்லாம் ரோட்டு டயரோடதான் வருது, பத்தொம்பது இஞ்சு இருபது இஞ்சு, பக்கவாட்டு ரப்பரு விரல் தடிமன்ல இருக்கும். நம்ம மானூர் பக்கத்து கரிசல்ல மழைக்கு அப்புறம் எறக்குனா டயர் பட்டன்ல மண்ணு அப்பி வழுவழுன்னு ஆயிரும், அதுக்கப்புறம் மோட்டார் எத்தன இருந்தும் புண்ணியமில்ல. எங்க ஜீப்பு அம்பது குதிரைய வச்சிட்டு கட்ட டயரால போயிட்டே இருக்கும்.

ஊருக்குள்ள ஓட்டுறதுதான் இந்த வண்டியோட சொர்க்கம். வண்ணார்பேட்டைலேந்து முருகன்குறிச்சி, ஹைகிரவுண்டு, பெருமாள்புரம்னு நின்னு நின்னு போற ஓட்டத்துல பெட்ரோல் வண்டி எட்டு கிலோமீட்டர் குடுக்கவே முக்கும், இது இஞ்சின எழுப்பவே எழுப்பாது. சத்தம் கெடையாது, ஏசி ஜம்முனு ஓடும். ஒரே தொல்லை, ஆட்டுக்கும் எருமைக்கும் இதோட சத்தம் காதுல விழாது, காருக்குறிச்சி தாண்டிப் போனா ரோட்டுல படுத்திருக்கிற எருமை நாம பக்கத்துல போயி நின்ன பிறகும் அசைபோட்டுட்டு பாக்கும். மெதுவா போகையில ஒரு செயற்கைச் சத்தம் குடுக்கும், அத எருமை மதிக்கல. ஹாரன்தான்.

கரண்ட் கணக்குக்கு வருவோம், இங்கதான் பல பேரு தப்புக் கணக்கு போடுதாவ. "கரண்ட்ல ஓடுனா கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்"னு சொல்லுறது சின்ன வண்டிக்கு சரி, ரெண்டே கால் டன் எடையுள்ள இந்த யானைக்கு சரி வராது. ஒரு யூனிட்டுக்கு மூணரை கிலோமீட்டர் நாலு கிலோமீட்டர்தான் குடுக்கும். தெனம் பதினஞ்சு யூனிட்டுன்னு வச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 900 யூனிட்டு. நம்ம வீட்டு இபி கணக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மொத 100 யூனிட் இலவசம், மேல போகப் போக ஸ்லாபு ஏறும், 1000 யூனிட்டு தாண்டுனா யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல. வீட்டுக்கு ஏற்கெனவே 400 யூனிட்டு ஓடுதுன்னா வண்டிக்கு போடுற 900 யூனிட்டு மொத்தமும் மேல உள்ள ஸ்லாபுலதான் போய் உக்காரும், சராசரி 10 ரூபாய் பக்கம் வந்துரும். அப்ப கிலோமீட்டருக்கு மூணு ரூபாய் ஆகுது. பெட்ரோல்ல இதே வண்டி கிலோமீட்டருக்கு பத்து ரூபாய் திங்கும், டீசல் ஃபோர் வீலு ஏழெட்டு ரூபாய். ஆக லாபம் இருக்கத்தான் செய்யுது, ஆனா வாட்ஸ்அப்புல வாற லாபம் இல்ல.

தோட்டத்து மோட்டார் ரூம்ல இலவச கரண்ட் இருக்கேன்னு ஒருத்தரு கேட்டாவ. அண்ணாச்சி, அது விவசாய சர்வீஸு, பம்ப்செட்டுக்கு மட்டும் குடுத்தது, அதுல காருக்கு சார்ஜ் போட்டு மாட்டுனா அபராதம் கட்டி மாளாது.

சோலார் இருந்தா கதையே வேற. மூணு கிலோவாட் மாடிச் சோலாருக்கு மத்திய சர்க்கார் 78,000 ரூபாய் மானியம் குடுக்குது, நம்ம ஊரு வெயிலுக்கு அது ஒரு நாளைக்கு பன்னெண்டு யூனிட்டு சுமாருக்கு குடுக்கும். பிளக்-இன் வண்டியோட பேட்டரி சைஸும் அதேதான் பாருங்க! முழு கரண்ட் வண்டியோட அறுபது எழுபது யூனிட்டு பேட்டரிக்கு இந்தச் சோலாரு ஊறுகாய்க்குத்தான் ஆகும், பிளக்-இன்னுக்கு ஒரு நாள் வெயிலு ஒரு நாள் ஓட்டத்துக்கு அப்பிடியே பொருந்துது. காலைல தோட்டத்துக்கு போயிட்டு பதினொரு மணிக்கு வந்து பிளக்குல போடுத ஆளுக்கு இது சும்மா கெடைச்ச மாதிரி.

எர்த்து வெவகாரத்த சொல்லாம விட்டா பாவம். வண்டியோட வர்ற சார்ஜிங் கேபிள்ல ஒரு டப்பா இருக்கும், அது எர்த்து சரியில்லன்னா செவப்பு லைட்ட போட்டுட்டு சும்மா கெடக்கும், ஒரு யூனிட்டு கூட ஏத்தாது. எங்க பழைய வீட்டுல மொத நாளே செவப்பு. வயர்மேன் வந்து பாத்துட்டு, "அண்ணாச்சி, எர்த்துக் குழி காஞ்சு போயி கெடக்கு, கோடைல தண்ணி ஊத்துனாத்தான நிக்கும்"னு சொல்லி, குழியத் தோண்டி கரியும் உப்பும் புதுசா போட்டு தண்ணி ஊத்துன பிறகுதான் பச்சை வந்துச்சு. கிராமத்துல சாயங்காலம் வோல்டேஜ் கொறையுற நேரமும் இதே பாடு, சார்ஜ் பாதில நின்னுரும். கூடங்குளத்துல ரெண்டு ரியாக்டரு ஓடுது, ஒண்ணொண்ணும் 1000 மெகாவாட்டு, பணகுடி வடக்கன்குளம் பக்கம் காத்தாடி நிக்கிறதுக்கு கணக்கே இல்ல, கங்கைகொண்டான்ல டாடா பவர் சோலார் பேனலே செய்யுதான். இத்தனையும் சுத்தி வச்சுக்கிட்டு எங்க தெருவுல சாயங்காலம் ட்யூப்லைட்டு மினுங்குது. சவத்த விடுங்க, ராத்திரி பதினொரு மணிக்கு மேல டைமர் வச்சு போட்டா சரியா ஏறிரும். 10 ஆம்ப் கேபிள்னா எட்டு மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கிடும், ராத்திரித் தூக்கத்துல முடிஞ்சிரும்.

இப்ப நெடுஞ்சாலை. மதுரைக்கு போனேம்னா மொத அம்பது கிலோமீட்டர்லயே, கயத்தாறு தாண்டி கோவில்பட்டி வர்றதுக்குள்ள கரண்டு தீந்துரும், மீதி நூறு கிலோமீட்டரும் பெட்ரோல். அந்த நேரத்துல பேட்டரியோட எடை, கல்யாணத்துக்கு வந்துட்டு ஊருக்கு கெளம்பாத சொந்தக்காரன் கணக்கா சும்மா உக்காந்துட்டு வரும், பத்து பதினோரு கிலோமீட்டர் மைலேஜு வந்தாலே பெருசு. பிளக்குல போடாமலே ஓட்டுறவங்களுக்கு எந்நேரமும் இதே கதிதான். இது எங்கூட்டுக் கத மட்டுமில்ல, ஐரோப்பிய கமிஷன் வண்டிகளுக்குள்ள இருக்குற மீட்டர் கணக்க எடுத்துப் பாத்துட்டு 2024ல சொன்னாங்க, பிளக்-இன் வண்டி விடுற புகை கம்பெனி சோதனைல காட்டுன கணக்கப் போல மூணரை மடங்கு இருக்குன்னு. காரணம் பெருசா ஒண்ணுமில்ல, வாங்குனவங்க ஒழுங்கா பிளக்குல போடல. அதனால அபார்ட்மென்ட்ல இருக்கவங்க, வாரத்துக்கு மூணு நாளு சென்னை கோயம்புத்தூர்னு அலையுற ஆளுங்க, இந்தப் பக்கமே வராதீங்க, டீசலு வாங்குங்க.

நேர்மாறா, தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுறவருக்கு டாங்க்ல போட்ட பெட்ரோல் மாசக்கணக்குல தீராது. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்த இழுக்கும், ரொம்ப நாளு டாங்க்ல கெடக்க விடாதீங்க. அவுட்லேண்டர்ல மூணு மாசத்துக்குள்ள 15 லிட்டர் புதுசா போடலேன்னா இஞ்சின் தானாவே எந்திரிச்சு ஓடும், பழசு தீரட்டும்னு. இன்னொண்ணு, இந்த வண்டிகள்ல பெட்ரோல் ஆவி வெளிய போகாம டாங்க அழுத்தத்துல மூடி வச்சிருப்பான், உள்ள ஒரு பட்டன அமுக்கி, அழுத்தம் எறங்குற வரைக்கும் காத்திருந்தாத்தான் மூடி தெறக்கும். எங்க ஊரு பங்க்ல பையன், "சார், மூடி தெறக்க மாட்டங்கு, உடைச்சிரட்டா?"ன்னு கேட்டுட்டான். பின்னால ஆட்டோக்காரரு ஹாரன் அடிக்காரு. நீங்க போகும்போது பங்க்குக்குள்ள நுழையும்போதே பட்டன அமுக்கிருங்க.

மலைக்கு இது பிரமாதம், அதுல சந்தேகமே இல்ல. செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவுல கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏத்திட்டுப் போற லாரி வரிசையா முக்கிட்டு நிக்கும், நின்னு நின்னு ஏத்தத்துல எடுக்குறது எந்த கியர் வண்டிக்கும் எரிச்சல். இது கரண்ட்ல சத்தமில்லாம, பின்னால ஒரு இஞ்ச் கூட உருளாம ஏறிட்டே போகும். எறக்கத்துல இன்னும் விசேஷம், ஆரியங்காவுலேந்து தென்மலைக்கு எறங்குறப்போ கால எடுத்தாலே மோட்டாரு ஜெனரேட்டரா மாறி வண்டிய புடிக்கும், பேட்டரி கொஞ்சம் ஏறும், பிரேக்குல சூட்டு வாடையே வராது. கவனிக்க வேண்டியது என்னன்னா, மேலேருந்து எறங்குறப்ப பேட்டரி ஃபுல்லா இருந்தா அந்தக் கரண்ட்ட போட எடமில்ல, அந்தப் புடி கெடைக்காது, இஞ்சின் பிரேக்கயும் கால் பிரேக்கயும்தான் நம்பணும். மேல தங்குன எடத்துல சார்ஜ் போட்டு ஃபுல் பண்ணிட்டு எறங்குறது புத்திசாலித்தனம் கெடையாது.

மாஞ்சோலை போக நல்ல வண்டியான்னு எல்லாரும் கேக்காவ. மணிமுத்தாறு செக்போஸ்ட்ல ஃபாரஸ்ட் பெர்மிஷன் இல்லாம மேல விடவே மாட்டாங்க, அது புலிகள் காப்பகம். நாலுமுக்கு, ஊத்து வரைக்கும் போற அந்த ரோட்டுக்கு ஆசப்பட்டு கோடி ரூபாய்க்கு வண்டி எடுக்காதீங்க, விட்டாலும் அந்தக் கல்லு ரோட்டுல இருபது இஞ்சு டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா டிக்கில ஸ்டெப்னி இருக்காது. ஆமா, ஸ்டெப்னி கெடையாது. ஸ்டெப்னி இருக்க வேண்டிய எடத்த பேட்டரிக்கும் சார்ஜருக்கும் குடுத்துட்டு, ஒரு பசை பாட்டிலும் காத்தடிக்கிற மிஷினும் தருவான் பெரும்பாலான வண்டில. ஆணி குத்துனா பசை போதும், கிழிஞ்சா பசைய வச்சு என்ன பண்ண? ஃபோர் வீலுன்னு பேர வச்சுட்டு ஸ்டெப்னி இல்லாம விக்கிறது எனக்கு சுத்தமா புடிக்கல.

செம்மணல் தேரிக்காட்டுக்கும் கொண்டு போயி பாத்தாச்சு, திசையன்விளை இட்டமொழி பக்கம் ஊர்ப்பாதை மணல்ல. காத்த இறக்கிட்டு போனா மோட்டாரு இழுக்கறது சீரா இருக்கு, திடீர்னு சக்கரம் சுத்தி பள்ளம் பறிக்கிறது கம்மி. ஆனா எடை காட்டிக் குடுத்துருது, நின்னா போச்சு, செம்மண்ணு அப்பிடியே உள்ள வாங்கும். ரொம்ப நேரம் மணல்ல உழப்பிட்டே இருந்தா மோட்டார் சூடாயி கம்ப்யூட்டரே பவர கொறைக்கும், அது எல்லா கரண்ட் மோட்டாருக்கும் உள்ளதுதான். இந்த வேலைக்கு ஒண்ணே கால் டன்கூட இல்லாத ஜிம்னி பத்து மடங்கு தேவலாம்.

தண்ணி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அப்புறம் நம்ம ஊர்ல வண்டி வாங்குற எல்லாரும் கேக்குற மொத கேள்வி இது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஆறு ஓடுச்சு, எவனும் மறக்க மாட்டான். கரண்ட் பேட்டரிய தண்ணி புகாம சீல் பண்ணித்தான் வைக்கான், ரோட்டுல தேங்குன தண்ணில போனா ஷாக் அடிக்கும்ங்கறது பயமுறுத்துற பேச்சு. ஆனா ஒவ்வொரு வண்டிக்கும் எம்புட்டு ஆழம் வரைக்கும்னு ஒரு கணக்கு உண்டு, ராங்ளர் 4எக்ஸ்இக்கு 76 சென்டிமீட்டர்னு போட்டிருக்கான், மொத ஜாதி சொகுசு வண்டிகள்ல அதுல பாதிகிட்டதான் இருக்கும், மேனுவல்ல பாத்துக்கிடுங்க. ராத்திரி பூரா தண்ணிக்குள்ள நின்ன வண்டிய மட்டும் காய்ஞ்சிருச்சுன்னு நெனச்சு ஸ்டார்ட் பண்ணவோ பிளக்குல போடவோ கூடாது, தூக்கிட்டுத்தான் போகணும். இன்சூரன்ஸ்ல பேட்டரிக்குன்னு தனி கவர் கெடைக்குது, அத எடுக்காம இருக்காதீங்க.

சர்வீஸு பத்தி சொல்ல ஆரம்பிச்சா வயித்தெரிச்சல். ஹை வோல்டேஜ் ஓடுற ஆரஞ்சு கலர் வயரு தெரிஞ்சா நம்ம ஊரு மெக்கானிக்கு கும்புட்டுட்டு தள்ளி நின்னுருவாரு, அது நியாயமும் கூட, அதத் தொட தனிப் பயிற்சி வேணும். அப்ப மதுரையோ திருவனந்தபுரமோ கொச்சியோ போகணும், ஆயில் மாத்தவே ஒரு நாளு போயிரும். இஞ்சின் உள்ள வண்டிங்கறதால ஆயிலு, ஃபில்டரு, பிளக்கு எல்லாச் செலவும் உண்டு, கரண்ட் வண்டிங்கறதால பேட்டரி கூலண்டு, மோட்டாரு, சார்ஜருன்னு அந்தப் பயமும் உண்டு. ரெண்டு வீட்டுச் சாப்பாடும் நமக்கே பில்லு. அதுக்கு மேல ஒரு கூத்து, ஒரு கார்த்திகை மழைக் காலைல வண்டி கதவே தெறக்கல, பெரிய பேட்டரில முக்கால்வாசி சார்ஜு இருக்கு, கம்ப்யூட்டர எழுப்புற சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துக் கெடக்கு. பக்கத்து வீட்டு ஆட்டோலேந்து ஜம்பர் வயரு குடுத்து எழுப்புனோம், கோடி ரூபாய் வண்டிய. தெருவே நின்னு பாத்துச்சு.

வெலை. இங்கதான் மனசு உடையுது. கரண்ட் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் வந்த புது கணக்குல பெரிய ஹைப்ரிட்டுக்கு 40 சதவீதம், பிளக்கு இருந்தாலும் சரி இல்லாட்டாலும் சரி. அது மேல தமிழ்நாட்டு ரோடு டாக்ஸு, 20 லட்சத்துக்கு மேல உள்ள வண்டிக்கு 20 சதவீதம். கரண்ட் வண்டிக்கு குடுக்குற பச்சை நம்பர் பிளேட்டும் கெடையாது. வெளிநாட்டுல நடுத்தரக் குடும்பம் வாங்குற பிளக்-இன் ஃபோர் வீலு இருக்கு, ஆஸ்திரேலியாவுல பிஒய்டி ஷார்க்னு ஒரு பிக்கப்பு, 30 யூனிட்டு பேட்டரி, பின்னால சாமான் ஏத்த தொட்டி, நம்ம வாழைத்தார் வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இங்க வரல. இங்க கெடைக்குற பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் 2022 டிசம்பர்ல வந்தப்பவே ஷோரூம் வெலை 2 கோடியே 60 லட்சம். அதுல ஏறி களத்துக்கு உரம் கொண்டு போகவா? தூத்துக்குடில 2025 ஆகஸ்ட்ல வின்ஃபாஸ்ட் ஆலையத் தெறந்தாங்க, பக்கத்து ஊராச்சே, நமக்கு ஏதாச்சும் செய்வான்னு பாத்தா அவங்க முழுக் கரண்ட் வண்டிதான் போடுதாங்க.

சரி, இப்போதைக்கு என்னதான் வாங்க? எங்கிட்ட கேட்டா, வீட்டுல சோலாரும் பிளக்கும் இருந்து, தோட்டத்துப் பாதை படுமோசம் இல்லேன்னா டாடா ஹாரியர் கரண்ட் வண்டில ரெண்டு மோட்டார் உள்ளதப் பாருங்க, 75 யூனிட்டு பேட்டரி, 60 சென்டிமீட்டர் தண்ணி வரைக்கும் போகலாம்னு கம்பெனி சொல்லுது, நாலு சக்கரமும் நெசமாவே எந்நேரமும் கரண்ட்ல இழுக்கும், டாக்ஸும் 5 சதவீதம்தான். லோ ரேஞ்சு கெடையாது, ஆனா மோட்டாருக்கு அது அவ்வளவு அவசியமும் இல்ல. பாறை, ஓடை, செங்குத்து ஏத்தம்னு நெசமான காட்டு வேலைன்னா தார் டீசலு, இல்ல ஸ்கார்ப்பியோ-என் டீசல் ஃபோர் வீலு, ரெண்டுலயும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கு, அம்பாசமுத்திரத்துலயே ரிப்பேர் பாக்க ஆளு இருக்கு.

இல்ல, எனக்கு பிளக்-இன்தான் வேணும்னு செகண்ட் ஹேண்டுல மும்பை பெங்களூரு வண்டிய தேடுறவங்களுக்கு, வெலை பாதிக்குப் பாதி விழுந்து கெடக்குறதால ஆச வரும், எனக்கே வந்துச்சு. பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருஷம், அதுல எத்தன வருஷம் மிச்சம்னு பாருங்க. ஃபுல் சார்ஜ் போட்டு நீங்களே ஓட்டி எத்தன கிலோமீட்டர் கரண்ட்ல ஓடுதுன்னு பாருங்க, மீட்டர்ல காட்டுறத நம்பாதீங்க. வேற ஸ்டேட் வண்டிய பன்னெண்டு மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா பழைய ஆர்டிஓகிட்ட தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி டிஎன் நம்பருக்கு மாத்தணும், அந்த ரோடு டாக்ஸயும் வெலையோட சேத்துப் பேசுங்க. அப்புறம் டிக்கியத் தெறந்து சார்ஜிங் கேபிள் இருக்கான்னு பாருங்க, அது தனியா வாங்கப் போனா கண்ணு பிதுங்கும். கேபிள் கவர் பிரிக்காம புத்தம் புதுசா இருந்துச்சுன்னா சந்தோசப்படாதீங்க, அந்த வண்டிய ஒரு நாளும் பிளக்குல போடலன்னு அர்த்தம், மீட்டர்ல உள்ள அம்புட்டு கிலோமீட்டரும் இஞ்சின் தலைலதான் ஓடியிருக்கு, அதச் சொல்லி வெலையக் கொறச்சுக் கேளுங்க.